எங்கள் பாப்பா காதைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு

முதல் நன்றி, இன்னொரு சொட்டு மருந்து எழுதித் தராத காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவுக்கு. பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிவது ஊரில் உள்ளதுதான். சளியோடு வரும், மருந்து கொடுத்தால் போய்விடும். எங்கள் மகளுக்கு ஆன்டிபயாடிக்கை மாற்றிப் பார்த்தும் நிற்கவில்லை. நீங்கள் மைக்ராஸ்கோப் வைத்துச் சுத்தம் செய்துவிட்டு, உள்ளே சதை வளர்ந்திருக்கிறது என்றீர்கள். காதுக்குப் பின்னால் வீக்கத்தைத் தடவிப் பார்த்தீர்கள். அப்புறம், "தலையில் இந்தப் பொடுகு எவ்வளவு நாளாக? தண்ணீர் ரொம்பக் குடிக்கிறாளா?" என்று கேட்டீர்கள். காதைக் காட்ட வந்தால் பொடுகைக் கேட்கிறாரே என்று இவர் என்னைப் பார்த்தார்.

சிடி ஸ்கேனில் காதை ஒட்டிய எலும்பு அரித்திருந்தது. சதையைப் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். அதில் சிடி1ஏ, லாங்கரின் என்ற இரண்டு சோதனைகளையும் செய்து நோயை உறுதிசெய்த பேத்தாலஜி டாக்டரின் முகத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. ஐயா, உங்களுக்கும் நன்றி. லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ்! பெயர் இன்னும் எனக்கு வாயில் நுழையவில்லை. ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள் கட்டுமீறிப் பெருகி எலும்பையும் தோலையும் தாக்குமாம். பொடுகு என்று நாங்கள் நினைத்ததும் அதுதான். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தொட்டால் தாகமும் சிறுநீரும் கூடும், அதற்குத்தான் அந்தத் தண்ணீர்க் கேள்வி. நல்லவேளை, அது இல்லை.

வாராவாரம் வின்பிளாஸ்டின் என்ற கீமோ ஊசி. அந்தச் சின்னக் கையில் நரம்பு தேடிப் பிடித்த சிஸ்டர்களே, அவள் உங்களைத் திட்டியதையெல்லாம் மறந்துவிடுங்கள். பசியைக் கூட்டும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தின்ற நாட்களில் நடுராத்திரி தோசை கேட்பாள். கசக்கும் அந்த மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கச் சொல்லித் தந்தவர் பக்கத்துக் கட்டில் அக்கா. அவர் மகனுக்கு ராப்டோமயோசர்கோமா, தசையில் வரும் புற்றுநோய். அவனுக்கும் காதுச் சீழில்தான் தொடங்கியதாம். ரத்தம் கலந்து வந்து, வாய் ஒருபக்கம் கோணிய பிறகுதான் தெரிந்ததாம். தன் கவலை அத்தனை இருக்க, எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவார்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமானச் சான்று வேண்டும் என்றதும் உடனே ஏற்பாடு செய்த எங்கள் ஊர் விஏஓ சாருக்கும் நன்றி. வலது காது கொஞ்சம் மந்தம் என்று தெரிந்து, அவளை முன்னால் உட்காரவைத்து இடப்பக்கம் வந்து பேசும் அங்கன்வாடி டீச்சருக்கு எப்படி நன்றி சொல்வது?

இப்போது செக்கப் மட்டும்தான். தள்ளிப்போன காதுகுத்துக்கு டாக்டரும் சரி சொல்லிவிட்டார். தை மாதம் குலதெய்வக் கோயிலில் வைத்திருக்கிறோம், கிடா விருந்து உண்டு. ஊசி போட்ட சிஸ்டர்கள் கட்டாயம் வர வேண்டும் என்பது பாப்பாவின் உத்தரவு.