நிலவைப் பார்த்துப் படிக்கட்டும்

ஆசிரியருக்கு,

பாடசாலை விடுமுறையிலும் பிள்ளைகள் ரியூசனுக்கு ஓடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். விண்வெளிப் பாடத்தையாவது கொப்பியைப் பார்த்துப் பாடமாக்காமல் விளையாட்டாகப் படிக்க விடவேண்டும். எங்கள் சனசமூக நிலையத்தில் உதைபந்தைப் பூமியாகவும் பெரிய தேசிக்காயை நிலவாகவும் கொடுத்து, இடைவெளி எவ்வளவு என்று கேட்டோம். எல்லோரும் ஒரு முழத்துக்குள்ளேயே வைத்தார்கள். சரியான இடைவெளி ஆறரை மீற்றர்! நிலவு சராசரியாக 384,400 கிலோமீற்றர் தொலைவில், அதாவது பூமியின் விட்டத்தைப் போல 30 மடங்கு தள்ளி இருக்கிறது. அளந்து வைத்ததும் பிள்ளைகள் போட்ட ஆரவாரத்தை எந்த வகுப்பறையிலும் நான் கேட்டதில்லை.

வலயக் கல்விப் பணிமனைகள் வளர்பிறை அட்டமியை ஒட்டிய மாலைகளில் முற்றவெளியில் பைனாகுலருடன் பிள்ளைகளைக் கூட்டலாம். பௌர்ணமியை விட அப்போதுதான் நிலவின் பள்ளங்கள் நிழலோடு தெளிவாகத் தெரியும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.