விடுப்போடு தண்ணீரும் வேண்டும்

ஆசிரியருக்கு,

பெண் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 12 நாள் ஊதியத்துடன் கூடிய மாதவிடாய் விடுப்பு அளிக்க 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது குறித்த செய்தியை வரவேற்கிறேன். ஆனால் பெங்களூரின் பீன்யா, பொம்மனஹள்ளி பகுதி ஆயத்த ஆடை ஆலைகளில் மற்ற நாள்களின் நிலை கவலை தருகிறது. தையல் வரிசையில் ஒருவர் எழுந்தால் அவருக்கு அடுத்த இயந்திரத்துக்குத் துணி போகாது. அந்த மணி நேரத்துக்கான இலக்கும் தவறும். திட்டு வாங்க அஞ்சிப் பெண்கள் தண்ணீரைக் குறைத்து, சிறுநீரை அடக்குகிறார்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கும், கோடையில் தலைவலிக்கும் மயக்கத்துக்கும் இதுவே வழி. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும், குடிநீர் வைக்குமிடம் கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. எழுந்து போக நேரமில்லாதவருக்கு அந்தக் குழாய் எத்தனை மீட்டரில் இருந்தால் என்ன?

முப்பது இயந்திரங்களுக்கு ஒருவர் வீதம், எல்லாத் தையலும் தெரிந்த மாற்றுத் தையலரை நியமிக்கலாம். உணவு இடைவேளை போக, காலையும் மாலையும் பத்து நிமிடத்தைக் கழித்தே இலக்கை நிர்ணயிக்க வேண்டும். அரசின் தொழிற்சாலை ஆய்வாளர்கள் கழிப்பறைகளை எண்ணுவதோடு நிற்காமல், குழாயில் தண்ணீரும் சோப்பும் நாப்கின் போட மூடியுள்ள தொட்டியும் இருக்கின்றனவா என்று வேலை நேரத்திலேயே பார்க்க வேண்டும்.

— பணியிடச் சுகாதாரப் பயிற்றுநர், பெங்களூரு