சங்கராபரணியின் எல்லாப் பெயர்களையும் பாலங்களில் எழுதுங்கள்

தமிழ்நாடு நீர்வளத்துறைக்கும் புதுச்சேரி பொதுப்பணித்துறைக்கும் வணக்கம்.

செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேரும் எங்கள் ஆற்றுக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர். செஞ்சியில் வராகநதி, செஞ்சியாறு என்பவர்களும் உண்டு. வீடூரில் தொண்டியாற்றோடு கலந்து அணையைத் தாண்டினால் சங்கராபரணி. கடலை நெருங்கும்போது சுண்ணாம்பாறு. படகுத்துறைக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் பலருக்கு இந்தக் கடைசிப் பெயர் மட்டும்தான் தெரியும். அரிக்கமேட்டை ஒட்டிப் போகும் கிளையோ அரியாங்குப்பத்தாறு.

இத்தனை பெயர் இருப்பது எனக்குப் பெருமைதான். எதையும் அழித்து ஒன்றாக்கிவிடாதீர்கள். திருக்காஞ்சியில் கரையோரம் குடியிருக்கும் ஈசனின் பெயர் கங்கை வராக நதீஸ்வரர். ஊர் சங்கராபரணி என்று அழைக்கிற இடத்திலும் சாமி பெயரில் வராகநதி அப்படியே இருக்கிறது. மாசி மகத்தன்று அங்கே முழுக்குப் போட வருகிற கூட்டத்தில், இதே தண்ணீர்தான் செஞ்சியிலிருந்து வருகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரியாமல் இருப்பது ஆபத்தும்கூட. 2024 ஃபெங்கல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. மேலே பெய்த மழை வீடூர் வழியாகத்தான் வில்லியனூர்ப் பக்கத்துக் கரையோர ஊர்களுக்கு வந்தாக வேண்டும். நடுவில் மாநில எல்லை இருக்கிறது, பெயரும் மாறுகிறது. வராகநதியில் வெள்ளம் என்று செய்தி வந்தால், அது தன் வீட்டு வாசலுக்கு வரப்போகிற தண்ணீர் என்று கீழே இருப்பவருக்கு உடனே புரிய வேண்டாமா?

நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியம் இல்லை. ஒவ்வொரு பாலத்திலும் அந்த ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதுங்கள், மற்ற பெயர்களை அதன் கீழே எழுதுங்கள். அப்புறம் ஆறு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு கோட்டுப்படம். திருவக்கரையில் மட்டும் இன்னும் ஒரு வரி சேருங்கள். அங்கே கிடக்கும் கல்மரங்களில் பட்டையும் வளையமும் கண்ணுக்குத் தெரிகின்றன, தட்டினால் கல். பழைய காலத்து ஆற்று வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்கள் அவை என்பது பார்க்க வரும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

இரண்டு துறைகளும் ஒரே படத்தை, ஒரே பெயர்ப்பட்டியலைப் பயன்படுத்துங்கள். வெள்ள எச்சரிக்கை அறிவிப்புகளிலும் அதே பட்டியல் வரட்டும். செஞ்சி, வீடூர், திருவக்கரை, வில்லியனூர் ஆகிய நான்கு இடங்களில் முதலில் வைத்தால் போதும். ஐப்பசி மழைக்கு முன்னால் வையுங்கள்.

இப்படிக்கு,
சங்கராபரணிக் கரைவாசி ஒருவர்