மரத்துக்குள் பழைய மழை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகள் நிலவியல் எடுத்திருக்கிறாள் என்று படித்ததும் சந்தோஷம். என் பக்கம் விசேஷம் ஒன்றுமில்லை. கண்ணாடி பவர் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மர வளையத்தைப் பார்த்து அந்தக் கால மழையைச் சொல்லிவிடலாமாமே என்று கேட்டிருந்தாய். சொல்லலாம். ஆனால் வளையத்தின் அகலத்தை மட்டும் நம்பினால் எனக்குச் சந்தேகம்தான். பக்கத்து மரம் நிழல் கட்டினாலும், பூச்சி இலையைத் தின்றாலும், வயதானாலும் வளையம் குறுகும். எல்லாப் பழியையும் மழை மேல் போட முடியுமா?

வளையத்து மரத்தில் இருக்கும் ஆக்சிஜன் விஷயம் வேறு. ஆயிரம் ஆக்சிஜன் அணுக்களில் ஏறக்குறைய இரண்டு கனமானவை. நிறை 16 அல்ல, 18. இந்தக் கனமான அணு உள்ள நீர் மேகத்திலிருந்து முந்திக்கொண்டு இறங்கும். அதனால் வெப்பமண்டலத்தில் மழை கொட்டித் தீர்க்கும் மாதங்களின் நீரில் இந்த 18 நிறை ஆக்சிஜன் குறைவு. டான்ஸ்கார்ட் என்ற டென்மார்க்காரர் 1964-லேயே இதை எழுதிவிட்டார். வேர் அந்த நீரைப் பெரும்பாலும் அப்படியே மேலே அனுப்பிவிடும். இலையில்தான் சங்கதி. காற்று வறண்டிருந்தால் லேசான நீர் ஆவியாகிப் போய், கனமானது இலையில் தங்கும். அந்த நீரில் உருவாகும் சர்க்கரைதான் பிறகு மரத்தின் நாராகும் செல்லுலோஸ். ஆக, மழை பொய்த்த வருஷத்தில் மேகமும் இலையும் சேர்ந்து 18-ஐக் கூட்டுகின்றன. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

சிக்கலும் அதிலேயே இருக்கிறது. எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று கேட்டால் மழையையும் ஈரப்பதத்தையும் கலந்துதான் பதில் வரும். அதனால் கையில் உள்ள மழைப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே பழைய காலத்துக்குப் போகிறார்கள்.

மரத்தை வெட்டவும் வேண்டாம். துளைப்பானைத் திருகி, 5 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு மரக்குச்சியை உருவுகிறார்கள். பிளேடால் வளையம் வளையமாகச் சீவி, சோடியம் குளோரைட்டு என்ற வெளுப்பான் கரைசலில், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருளைப் போக்கினால் பழுப்புச் சீவல் பஞ்சு மாதிரி வெளுத்துவிடுகிறது. அப்புறம் 1400 டிகிரி அளவு சூட்டில் கார்பன் மோனாக்சைடாக்கி நிறைமாலைமானிக்கு, அதாவது நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவிக்கு, அனுப்புவது. ஒரு மில்லிகிராம்கூடத் தேவையில்லை.

இன்னொன்று: வெப்பமண்டலத்தில் பல மரங்களுக்கு வளையமே கண்ணுக்குத் தெரியாது. அவற்றை மெல்லிய துண்டுகளாகச் சீவி 18-ஐ அளந்தால், அது மழைக்காலத்தில் இறங்கி, வறண்ட காலத்தில் ஏறி, வருஷக் கணக்கை அதுவே காட்டிவிடும். உன் மகள் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடினால் இதைச் சொல்.

முதுகுவலி எப்படி இருக்கிறது? எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்