புற்றுநோய் முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

மார்த்தாண்டம் பக்கம் போன வாரம் நீங்கள் நடத்திய முகாமிலும் தக்காளி புராணம்தான். தக்காளி, மாதுளை சாப்பிட்டு மாட்டிறைச்சியை விட்டால், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் அண்டாதாம். படிவத்தில் பீடி, குடி, சர்க்கரை எல்லாம் இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்ற ஒரு வரி மட்டும் இல்லை.

என் அண்ணன் உங்கள் பழைய முகாம் ஒன்றுக்கு வந்தவர். ரப்பர் பால்வெட்டுக்காரர். எங்கள் அப்பா இதே நோயில்தான் போனார். அத்தைக்கு மார்பகப் புற்றுநோய். நீங்கள் கேட்கவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பீஃபை விட்டு மரச்சீனியும் சாளைக்கறியுமாக இருந்தார். முதுகுவலி என்று போனபோது புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது. இப்போது சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகவேண்டிய நாளென்றால் முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். களியக்காவிளை தாண்டுவதற்குள் முட்டிக்கொண்டு வந்தால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சம். பைக்குள் ஒரு மாற்று வேட்டி. போதாதற்கு, தின்ற கறிதான் காரணம் என்று சொந்தக்காரர்களின் தீர்ப்பு வேறு.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்நோய் இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பு. பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் கோளாறு என்றால் பெண்களுக்கு மார்பகத்திலும் சினைப்பையிலும், ஆண்களுக்கு புராஸ்டேட்டிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். அந்தக் கோளாறு அம்மா வழியாகவும் வரலாம். சாப்பாடு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மரபு ஆபத்து மிகுந்த அமெரிக்க ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வில், எடை, புகை, உணவு, உடற்பயிற்சி எல்லாம் சீராக இருந்தவர்களுக்கும் நோய் வருவது குறையவில்லை. ஆனால் அது உயிரைக் குடிப்பது குறைந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தானே ஐயா உண்மை?

அப்புறம், வாசலில் வைட்டமின் ஈ மாத்திரை ஸ்டால் போட்டிருந்தீர்களே! 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த சோதனையில், தினமும் அதை விழுங்கியவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011-லேயே வெளிவந்துவிட்டது. நல்ல வியாபாரம்.

சரி, கோபத்தை விடுகிறேன். கேட்பது ஒரே வரி: இரு வழி உறவிலும் புராஸ்டேட், மார்பகம், சினைப்பைப் புற்றுநோய் யாருக்காவது உண்டா? உண்டு என்பவரை 45 வயதிலேயே, புராஸ்டேட் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க உதவும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேச அனுப்புங்கள். அடுத்த முகாம் கருங்கலில் என்று நோட்டீஸ் பார்த்தேன். பழைய படிவம் மிச்சமிருந்தால் பேனாவால் எழுதிச் சேர்த்தாலும் போதும்.

பணிவுடன்,
விளவங்கோடு வட்டத்திலிருந்து ஒரு தம்பி