மார்ச் குளிரில் முதல் பந்தயம்

டார்ட்ஃபோர்ட், கென்ட்

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை. ஏப்ரல் பிறந்தும் காலையில் கார் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

உன் பையன் கார்த்திக் செப்டம்பரில் இங்கே படிக்க வந்ததும் பைக் ரேஸும் ஓட்டப் போகிறானாம், அங்கே சீசன் ஆரம்பம் எப்படி இருக்கும், விவரமாக எழுது என்றாய். போனில் சொன்னால் பட்டறைச் சத்தத்தில் உனக்குப் பாதி கேட்காது, அதனால்தான் கடிதம். போன சனி ஞாயிறு பிராண்ட்ஸ் ஹேட்ச் ரேஸ் டிராக்கில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். அவனையும் ஒருமுறை உட்கார்ந்து படிக்கச் சொல்.

நாங்கள் ஸ்பேனர் பிடிக்கப் போகும் ஆள் ஓர் எலெக்ட்ரீஷியன். வாரம் முழுக்க வீடுகளில் வயரிங், விடுமுறையில் ரேஸ். சம்பளம் வாங்கி ஓட்டுகிறவன் இல்லை, சம்பளத்தைப் போட்டு ஓட்டுகிறவன். நம்ம இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒன்-மேக் ரேஸ், அதாவது எல்லோருக்கும் ஒரே மாடல் பைக், என்றால் கம்பெனியே பைக்கைத் தயார் செய்து நிறுத்தும், ஏறி ஓட்டினால் போதும். இங்கே கிளப் ரேஸில் பைக், வேன், ஜெனரேட்டர், டயர், நுழைவுக் கட்டணம் எல்லாம் அவனவன் பொறுப்பு. இவன் வைத்திருப்பது பழைய சுசுகி எஸ்.வி.650. 645 சிசி, 90 டிகிரி வி-ட்வின், அதாவது வி வடிவில் இரண்டு சிலிண்டர். இதற்கென்றே மினிட்வின் என்று ஒரு பிரிவு உண்டு. ஸ்பேர் எங்கும் கிடைக்கும், எஞ்சினும் உழைக்கும். கார்த்திக் ஆரம்பித்தால் இதில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. 600 சிசி நாலு சிலிண்டர் வண்டி பக்கம் முதல் வருஷமே போகக் கூடாது.

முதல் பந்தயம் கெட்டுப்போவது பெரும்பாலும் டிராக்கில் இல்லை, குளிர்காலத்தில் ஷெட்டில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்க்காரனுக்கு இது தோன்றவே தோன்றாது. ரேஸ் பைக் ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்ற அனுமதி இல்லை, வெறும் தண்ணீர்தான். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனம் தாரில் சிந்தினால் எண்ணெய் போல வழுக்கும், தண்ணீரைப் போலச் சீக்கிரம் காயவும் செய்யாது. பின்னால் வருகிறவன் விழுவான். நியாயமான விதிதான். ஆனால் இங்கே குளிர்கால இரவுகளில் ஷெட்டுக்குள்ளேயே பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். அது இருக்கும் இடத்தை விரித்து விரிசல் விடவைக்கும்.

அதனால் சீசன் முடிந்ததும் தண்ணீரை இறக்கிவிட வேண்டும். ரேடியேட்டரின் கீழ்க்குழாயைக் கழற்றி வடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள், அது போதாது. வாட்டர் பம்ப்பின் வடிகால் போல்ட்டையும் திறந்து, பைக்கை இரண்டு பக்கமும் சாய்த்து, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டு ஊத வேண்டும். மார்ச்சில் திரும்ப நிரப்பும்போது மூடியைத் திறந்துவைத்து ஐடிலில் ஓடவிட்டு, குழாய்களைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்து குமிழி வருவது நின்ற பிறகுதான் மூடி.

எலெக்ட்ரீஷியன் கீழ்க்குழாயோடு நிறுத்திவிட்டான். ரேடியேட்டரின் கீழ் மூலையில் மிச்சம் நின்ற தண்ணீர் உறைந்து மயிரிழை விரிசல். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு சொட்டு வராது. சூடாகி உள்ளே அழுத்தம் ஏறிய பிறகுதான் கசியும். அதனால் வீட்டில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை.

தெரிந்தது சனிக்கிழமை காலை, சத்தப் பரிசோதனையில். சைலன்ஸர் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மைக் வைத்து, குறித்த ஆர்.பி.எம்.மில் எஞ்சினைப் பிடிக்கச் சொல்வார்கள். பொதுவாக 105 டெசிபல் எல்லை. சுற்றிலும் வீடுகள் இருக்கும் ஊர், இதில் சமரசமே கிடையாது. போன சீசன் முழுக்க ஓடிய சைலன்ஸரில் உள்ளே இருக்கும் பஞ்சு எரிந்து பறந்திருக்கும், ரிவெட்டை உடைத்துப் புதுசு திணிக்க வேண்டும். அதைச் செய்திருந்தான், சத்தத்தில் தேறிவிட்டான். ஆனால் அங்கே நிற்கும்போதே ரேடியேட்டர் சொட்ட ஆரம்பித்தது, பரிசோதகர் ஓரம்கட்டிவிட்டார். நல்ல வேளை, எல்லோரும் வண்டியை நிறுத்தி வேலை பார்க்கும் பேடக்கில் ஒலிபெருக்கி உண்டு. எஸ்.வி. ரேடியேட்டர் யாரிடமாவது இருக்கிறதா என்று அறிவித்ததும், அதே பிரிவில் இவனோடு போட்டி போடுகிற ஒருவனே கொண்டுவந்து கொடுத்தான். இந்த ஊர்க்காரர்கள் பக்கத்து வீட்டில் பத்து வருஷம் இருந்தாலும் பேசமாட்டார்கள் என்று நான் குறை சொல்வதுண்டு. பேடக்கில் மட்டும் வேறு ஆட்கள்.

மற்றபடி பரிசோதனையில் பார்ப்பவை உனக்குத் தெரிந்தவைதான். சம்ப் பிளக், ஆயில் ஃபில்டர், ஆயில் மூடி மூன்றும் கழன்றுவிடாமல் லாக்வயர் என்ற கம்பியால் கட்டியிருக்க வேண்டும். கம்பியை இறுக்கும் திசையில் இழுக்குமாறு கட்டியிருக்க வேண்டும். தலைகீழாகக் கட்டிக் கொண்டுவருகிறவர்கள் இங்கேயும் உண்டு. பிரேக் லீவருக்கு கார்டு, பின் ஸ்ப்ராக்கெட் பக்கம் விரல் போகாமல் தடுக்கும் துடுப்பு, மழையில் எரியவிட வண்டியின் பின்பக்கம் சிவப்பு விளக்கு. எஞ்சினுக்குக் கீழே எண்ணெயைத் தாங்கும் பெல்லி பேன், அதன் ஓட்டைக்கு ரப்பர் அடைப்பு. காய்ந்த தரையில் அடைப்பு போட்டிருக்க வேண்டும், மழைப் பந்தயம் என்று அறிவித்தால்தான் எடுக்கலாம். நேரம் எடுக்கும் டிரான்ஸ்பாண்டரை முந்தின இரவே சார்ஜ் போட வேண்டும். தரையிலிருந்து 60 செ.மீ.க்குள், கீழே உலோகமோ கார்பன் ஃபைபரோ மறைக்காமல் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓடியும் ஓடாத கணக்கு.

இனி டயர். கோவை கரி ஸ்பீட்வே டிராக்கில் டயர் சூடேறிக் குழைவதுதான் உங்கள் தலைவலி. இங்கே மார்ச்சில் காலை வேளை தார் ஏழெட்டு டிகிரிதான். அதனால் வார்மர் என்ற மின்சாரப் போர்வையை டயரில் சுற்றி 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். மேல்தோல் இருபது நிமிடத்தில் சுட்டுவிடும், ஆனால் உள் அடுக்கும் ரிம்மும் சூடேற அவ்வளவு நேரம் ஆகும். காற்றை டயர் சூடாக இருக்கும்போது, டயர் கம்பெனி கொடுக்கும் அட்டவணைப்படி வைக்க வேண்டும். குளிர்ந்த டயரில் அளந்தால் ஏமாந்துபோவாய். 80 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. காட்டும் டயர் 10 டிகிரிக்கு இறங்கினால் 21தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைக் கூட்டுகிறவன் டிராக்கில் பந்து மேல் உட்கார்ந்து ஓட்டுவான்.

இரண்டு வார்மரும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் இழுக்கும். 2 கிலோவாட் ஜெனரேட்டர் இருந்தால் நிம்மதி. ஆனால் இங்கத்திய கெட்டில் ஒன்றே மூன்று கிலோவாட் வரை போகும்! தகுதிச் சுற்றுக்கு முன்னால், உதவிக்கு வந்த ஒரு புண்ணியவான் குளிருக்கு டீ போடலாம் என்று அதே ஜெனரேட்டரில் கெட்டிலைச் செருகினார். ஜெனரேட்டர் கையை விரித்தது. மின்சாரம் நின்றும் அதன் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, வார்மர் விளக்கையும் யாரும் பார்க்கவில்லை. எலெக்ட்ரீஷியன் கூடாரத்தில் இது நடந்ததுதான் வேடிக்கை. டீக்கு கேஸ் அடுப்புதான் சரி. அதையும் கூடாரத்துக்கு வெளியே வைக்க வேண்டும். மூடிய வேனிலோ கூடாரத்திலோ குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே முடித்துவிடும். இதைக் கார்த்திக்கிடம் நீயே அழுத்திச் சொல்.

இப்போது டிராக்கைக் கற்பனை செய்துகொள். கிளப் ரேஸ் பெரும்பாலும் சின்ன இண்டி சுற்றில் நடக்கும், 1.208 மைல், அதாவது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் வளைவு பேடக் ஹில், வலது, கண்ணுக்குத் தெரியாமல் பள்ளத்தில் விழும். அடுத்து மேடேறி ட்ரூயிட்ஸ், அதுவும் வலது, கொண்டை ஊசி. அங்கிருந்து சரிவில் இறங்கினால் கிரஹாம் ஹில் வளைவு, இடது. அதைத் தாண்டினால் சர்ட்டீஸ் மட்டும்தான் இடது. அப்புறம் கடைசிவரை வலதுதான். அதனால் டயரின் வலது ஓரம் சூடாக இருக்கும், இடது ஓரம் தாரைத் தொடுவதே அபூர்வம். வெளியே போனதும் முதல் இடது கிரஹாம் ஹில்தான், அதுவும் இறக்கத்தில், எடை முன்சக்கரத்தில் இருக்கும்போது. குளிர்நாளில் கிளப்காரர்கள் விழுகிற இடம் அது. வார்மரும் அணைந்து டயர் பாதி ஆறியிருந்ததால், இவன் இரண்டாவது சுற்றிலேயே அங்கே முன்சக்கரம் வழுக்கிச் சரளையில் போய்க் கிடந்தான். ஆளுக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் குளிரில் முதல் மூன்று நான்கு சுற்று இடது வளைவில் மட்டும் சாய்வைக் குறைத்து, பிரேக்கை முன்னதாகவே விட்டுவிட்டு நுழைய வேண்டும். வலதில் பிடி கிடைக்கிறதே என்று இடதிலும் நம்பக் கூடாது.

விழுந்த பைக்கை ஒன்றரை மணி நேரத்தில் எழுப்பினோம். வண்டியின் வெளிக்கூடான ஃபேரிங்கைக் கழற்றி, பெல்லி பேனில் புகுந்த சரளையை அள்ளிப் போட்டோம். இடது பக்கம் விழுந்ததால் கிளட்ச் லீவர், கிளிப்-ஆன் என்ற பாதி ஹேண்டில், ஃபுட்ரெஸ்ட், கியர் லீவர் நான்கும் போயின. எஞ்சினோடு சேர்ந்த ஜெனரேட்டரின் மூடி இருப்பதும் இடதில்தான், மேலே தடிமனான காப்பு மூடி போட்டிருந்ததால் எண்ணெய் வரவில்லை. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே பிடித்து ஹேண்டிலை முறுக்கி நிமிர்த்துவதை நம்பாதே. ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ் டிரிபிள் கிளாம்ப், ஆக்ஸில் இரண்டையும் தளர்த்தி, ஃபோர்க்கை நான்கைந்து முறை அமுக்கிவிட்டு, கீழிருந்து மேலாக இறுக்க வேண்டும். கடைசியில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஆக்ஸிலரேட்டர் விட்டதும் தானாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதில் ஒரு சரளைக்கல் மாட்டியிருந்தால் அடுத்த விபத்துக்கு அதுவே போதும். பிறகு பைக், உடை, ஹெல்மெட் எல்லாம் மறுபடி பரிசோதனைக்கு. ஹெல்மெட் அடிபட்டிருந்தால் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதனால்தான் எல்லோரும் இரண்டு ஹெல்மெட் வைத்திருக்கிறார்கள்.

தகுதிச் சுற்றில் தேவையான சுற்றுகளை முடிக்காததால் சனிக்கிழமைப் பந்தயத்தில் கடைசி வரிசை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அன்றிரவுதான் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும் இரவு, மார்ச் கடைசி ஞாயிறு. பாதி பேடக் தூக்கக் கலக்கத்தில் எழுந்தது, எழுந்தபோது மழை. மழை டயர் மாட்டிய தனி ரிம் வைத்திருந்தால் பத்துப் பதினைந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் டயர் வேன் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். சக்கரம் மாற்றியதும் பிரேக் லீவரை நாலைந்து முறை அமுக்கிக் கெட்டியாக்காமல் பைக்கை நகர்த்தவே கூடாது. பேடுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும், முதல் அமுக்கில் லீவர் கைப்பிடியைத் தொடும். முதல் பிரேக் பேடக் ஹில்லில் என்பதை நினைத்துக்கொள்.

மழையில் இரண்டாவது சுற்றிலிருந்தே வண்டி ஒற்றைச் சிலிண்டரில் இருமியது. எஸ்.வி.யின் தெரிந்த நோய் இது. முன் சிலிண்டர் பிளக் குழிக்குத் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை உண்டு. அழுக்கு, சரளைத்தூள் அடைத்துக்கொண்டால் முன்சக்கரம் வாரி இறைக்கும் நீர் குழியில் நின்று, மின்பொறி பிளக் முனைக்குப் போகாமல் பக்கத்தில் பாய்ந்துவிடும். கம்பியால் ஓட்டையைக் குத்தித் திறந்து, காற்றால் ஊதிக் காயவைத்து, பிளக் கேப்பில் சிலிக்கான் கிரீஸ் தடவினால் தீர்ந்தது. மாலைப் பந்தயத்தில் இரண்டு சிலிண்டரும் பாட, 31 பேரில் 19ஆவதாக வந்தான். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

கார்த்திக் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஓட்ட ஏ.சி.யு. என்ற பைக் ரேஸ் அமைப்பின் உரிமம் வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் பயிற்சியும் தேர்வும் உண்டு. கொடிகளின் அர்த்தத்தை அங்கேயே மனப்பாடம் செய்துகொண்டு வரட்டும். புதியவன் என்று காட்ட ஆரஞ்சு மேலாடை போட்டுத்தான் ஓட வேண்டும், அதற்கு வெட்கப்பட வேண்டாம். முதல் வருஷம் பைக் வாங்காமல் யாருக்காவது ஸ்பேனர் பிடிக்கட்டும், நான் ஏற்பாடு செய்கிறேன். ஹெல்மெட்டை மட்டும் அங்கே வாங்கிவிடாதே. ஐ.எஸ்.ஐ. முத்திரை இங்கே செல்லாது, ஏ.சி.யு.வின் தங்கச் சீட்டு ஒட்டியதைத்தான் உள்ளே விடுவார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல தெர்மல் உள்ளாடை இரண்டு செட் வாங்கிக் கொடு.

அம்மாவிடம் ஞாயிறு மதியம் போன் செய்கிறேன் என்று சொல். இப்போது நேரம் மாறிவிட்டது, உங்களுக்கும் எங்களுக்கும் நாலரை மணி நேரம்தான் வித்தியாசம்.

அன்புடன்,
அண்ணன்