பாடகியின் புடவையை விடுங்கள், சுருதியைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் சினிமா அல்லாத புதுப் பாடல்களுக்கும் இடம் ஒதுக்குகிறீர்கள். அதிலும் பெண்கள் பாடி வெளியிடும் தனிப்பாடல்களைத் தேடி எடுத்து எழுதுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் எழுதும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. ஆண் பாடிய பாட்டென்றால் மெட்டு, தாளம், வரி என்று பேசுகிற அதே பத்தி, பெண் பாடியதென்றால் 'தேன் குரல்', 'ஹஸ்கி வாய்ஸ்', வீடியோவில் கட்டியிருந்த புடவை, ஒரே நாளில் இத்தனை லட்சம் பார்வை என்று முடிந்துவிடுகிறது. பாட்டுக்குள் அந்தப் பெண் என்ன செய்தார் என்பது கடைசி வரி வரை தெரிவதில்லை. தங்கள் நாளிதழ் மட்டும் இப்படி என்று சொல்லவில்லை. எல்லா இடத்திலும் இதே கதைதான்.

முதல் வேலை, வீடியோவைப் பார்க்காமல் பாட்டைக் கேட்பது. 2024இல் வந்த 'ஆச கூட' பாட்டில் திரையில் ஆடியவர் ப்ரீத்தி முகுந்தன். பாடிய பெண் குரல் சாய் ஸ்மிருதியுடையது. ரீல்ஸ் முழுக்க ஓடியது ஆடியவரின் முகம். பாடியவர் பெயரை ஊருக்கு எடுத்துச் சொல்லக்கூடிய இடம் விமர்சனம்தான். அங்கேயும் விட்டுப்போனால் என்ன செய்வது? அதே ஆண்டு மார்ச்சில் வந்த 'இனிமேல்' பாட்டுக்கு இசையமைத்தவரே ஸ்ருதி ஹாசன். வரிகள் கமல் ஹாசன். ஊர் பேசியதோ இயக்குநர் லோகேஷ் கனகராஜ் கேமரா முன்னால் வந்ததைப் பற்றி. ஒரு பெண் மெட்டும் போட்டு, குரலும் கொடுத்திருக்கும்போது மெட்டைப் பற்றி நாலு வரி எழுதியிருக்க வேண்டாமா?

எதில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். செல்போன் ஸ்பீக்கரில் அடிநாதம் (பேஸ்) ஏறக்குறைய கேட்கவே கேட்காது. ப்ளூடூத் இயர்போன் பலவற்றில் பேஸைக் கூட்டியே வைத்திருப்பார்கள். அதில் எந்தக் குரலும் கொஞ்சம் மந்தமாகத்தான் ஒலிக்கும். ஒருமுறை போனில், ஒருமுறை ஒயர் வைத்த நல்ல ஹெட்போனில், ஒருமுறை கார் ஸ்டீரியோவில் என்று மூன்று தடவை கேட்டால் போதும். மூன்றிலும் வரி புரிந்தால் மிக்ஸிங், அதாவது குரலையும் வாத்தியங்களையும் கலந்த விதம், சரி. ஹெட்போனில் மட்டும் புரிந்தால் குரலைப் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம்.

சத்தத்தில் ஏமாறவும் வாய்ப்புண்டு. இரண்டு பாட்டில் எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நல்ல பாட்டு என்று காது நினைத்துக்கொள்ளும். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்தி ஒலிக்கிறது. நம் ஆட்கள் மாஸ்டரிங்கில் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பில்) மைனஸ் 8, 9 வரை ஏற்றி அனுப்புகிறார்கள். செயலி அதை 5, 6 டெசிபல் குறைத்துவிடும். சத்தம் போய்விடும், நசுக்கிய நசுக்கல் மட்டும் மிஞ்சும். இதில் முதலில் அடிவாங்குவது பாடகியின் மூச்சு. வரிகளுக்கு நடுவே இழுக்கும் மூச்சு, பாடிய வரிக்குச் சமமாக ஓங்கிக் கேட்கும். 'மூச்சுத் திணறுகிறார்' என்று எழுதுவதற்கு முன், ஓங்கிய ஒலியை அமுக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கும் கம்ப்ரஸரைச் சந்தேகப்படுங்கள்.

'ஹஸ்கி' என்ற சொல்லுக்கும் இதே போல ஒரு காரணம் உண்டு. மைக்குக்கு நாலைந்து சென்டிமீட்டர் தூரத்தில் வாயை வைத்து மெதுவாகப் பாடினால் அடிநாதம் தானாகவே கூடும். முன்பக்கத்து ஒலியை அதிகம் பிடிக்கும் கார்டியாய்ட் வகை மைக்குகளின் இயல்பு அது. அதன் மேல் கம்ப்ரஷன் போட்டால் காதுக்குள் வந்து ரகசியம் பேசுவது போல இருக்கும். அதே பெண் அதே பாட்டை மேடையில் ஒரு முழம் தள்ளிப் பிடித்த மைக்கில் பாடினால் குரல் வேறாக இருக்கும். கவர்ச்சி என்று நாம் எழுதுவது பாதிக்குமேல் மைக் தூரம். அந்த நெருக்கம் பாட்டின் பொருளுக்குத் தேவைப்பட்டதா, அல்லது இப்போதைய வழக்கம் என்பதால் செய்ததா என்பதை எழுதினால் வாசகருக்குப் பயன் உண்டு.

'ச', 'ஸ' ஒலிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பெண் குரலில் இந்தச் சீறல் சுமார் 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரை விழும். டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டும் சிந்தசைஸரின் மினுமினுப்பும் அங்கேயேதான் குடியிருக்கின்றன. சீறலை அடக்குவதற்கு டீ-எஸ்ஸர் என்ற கருவியைப் போடுவார்கள். கொஞ்சம் அதிகமானால் 'ஆசை' என்பது 'ஆதை' மாதிரி கேட்கும். உடனே 'மழலைத் தமிழ்' என்று பட்டம் கட்டிவிடுகிறோம். பாடகி சரியாகத்தான் சொன்னார், தின்றது மெஷின்.

இனி சுருதி. எங்கள் பார்வையில் விமர்சனம் தடுமாறும் முக்கியமான இடம் இதுதான். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; ஹார்மோனியத்தின் 'சி' 1 கட்டை, 'ஜி' 5 கட்டை. மேடை வழக்கப்படி ஆண்களுக்கு 1, 1½ கட்டை, பெண்களுக்கு 5, 5½ கட்டை. 5 கட்டையில் பெண்ணின் ஆதார ஷட்ஜம் ('ஸ') 196 ஹெர்ட்ஸ், மேல் ஷட்ஜம் 392. இசையமைப்பாளர் ஆணாக இருந்தால் பெரும்பாலும் தன் தொண்டைக்கு வசதியான 1 கட்டையில் மெட்டுப் போட்டு, தானே டம்மி (மாதிரிக் குரல்) பாடி, டிராக்கை முடித்துவிடுவார். பாடகி கடைசியில் வருவார். அதே ஸ்தாயியில் பாடினால் பல்லவி அவருக்கு அடிக்கிணற்றில் கிடக்கும். ஒரு ஸ்தாயி ஏற்றினால் சரணத்தின் உச்சி கிரீச்சிடும். சரியான வழி டிராக்கையே நாலைந்து அரைச்சுரம் மாற்றுவது. அதற்கு கிட்டார், பேஸ் எல்லாம் மறுபடி வாசிக்க வேண்டும், யாருக்கும் நேரமில்லை. விளைவு, 'பல்லவியில் குரல் எடுபடவில்லை' என்று பாடகி தலையில் பழி. கீபோர்டு செயலி ஒன்றைத் திறந்து, பாட்டின் மிகக் கீழான சுரத்தையும் மிக மேலான சுரத்தையும் தேடி எழுதிக்கொண்டால் பத்து நிமிடத்தில் இது பிடிபடும். அதைச் செய்யாததால்தான் மத்திய ஸ்தாயியைத் தாண்டாத பாட்டுக்குக்கூட 'உச்சஸ்தாயியில் அசத்தியிருக்கிறார்' என்று வருகிறது.

ஆட்டோ-ட்யூன் பற்றி ஒரு வார்த்தை. சுருதி விலகிய குரலைச் சரிசெய்ய 1997இல் வந்த மென்பொருள் அது. 1998இல் அமெரிக்கப் பாடகி ஷெர் பாடிய 'பிலீவ்' அதன் செயற்கைக் குரலை வேண்டுமென்றே ஒரு நிறமாகக் காட்டியது. இன்று ஆண், பெண், பிரபலம், புதுமுகம் என்று பேதமில்லாமல் பெரும்பாலோருடைய குரலும் ஏதோ ஒரு திருத்தத்தைத் தாண்டித்தான் வெளிவருகிறது. ஆகவே 'ட்யூன் போட்டிருக்கிறார்கள்' என்பது கண்டுபிடிப்பு அல்ல. எங்கே உறுத்துகிறது என்பதுதான் கேள்வி. நீட்டிப் பிடிக்கும் கார்வையில் இயல்பான குரல் விநாடிக்கு ஐந்தாறு முறை அசையும். திருத்தம் மிஞ்சினால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நிற்கும். நம் பாட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. கமகத்தில் குரல் இரண்டு சுரங்களுக்கு நடுவே வழுக்க வேண்டும். மென்பொருள் அந்த வழுக்கலைப் படிக்கட்டாக வெட்டிவிடும். சங்கீதம் கற்ற பெண் அருமையாகப் போட்ட பிருகா (வேகமான சுர உருட்டல்), பொத்தானை அமுக்கினாற்போல டக் டக்கென்று கேட்கிறதென்றால் காரணம் இதுதான்.

உச்சரிப்பு விஷயத்தில் வெளிநாட்டில் வளர்ந்த பாடகிகளைக் கிண்டல் செய்வது சுலபம். பாடகி தீ வளர்ந்தது சிட்னியில், ஜோனிடா காந்தி வளர்ந்தது கனடாவில். ழகரம், ளகரம் தவறினால் சொல்ல வேண்டியதுதான், தவறே இல்லை. ஆனால் எந்தத் தவறு யாருடையது? இப்போதெல்லாம் தத்தகாரத்தில் (சொல் இல்லாமல் 'தன தான' என்ற சந்தத்தில்) மெட்டு முதலில், சொல் பிறகு. நெடில் நிற்க வேண்டிய இடத்தில் கவிஞர் குறிலை வைத்துவிட்டால் 'மலை' இழுபட்டு 'மாலை' ஆகும், 'வனம்' 'வானம்' ஆகும். அது பாடகியின் நாக்குக் குற்றம் இல்லை. வரிக்கும் மெட்டுக்கும் நடந்த சண்டை. ண, ந, ன குழம்பினால் பாடியவரைக் கேளுங்கள். குறில் நெடிலானால் எழுதியவரையும் மெட்டுப் போட்டவரையும் கேளுங்கள்.

அதற்கு அவர்கள் பெயர் தெரிய வேண்டும். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடியது. வரிகள் அறிவு, இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. அறிவை ஒதுக்கிவிட்டார்கள் என்று அதன் பிறகு எழுந்த சர்ச்சை தங்களுக்கு நினைவிருக்கும். பெயர் விடுபடுவது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல, காசுப் பிரச்சினையும்தான். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கை உறுதி செய்தது; பாடுகிறவர்களுக்கும் தனி உரிமை உண்டு. ஸ்பாட்டிஃபையில் பாட்டுக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் கிரெடிட்ஸ் வரும். யூடியூபில் வீடியோவுக்குக் கீழே உள்ள விவரக் குறிப்பை முழுவதும் விரிக்க வேண்டும். மிக்ஸிங், மாஸ்டரிங், கோரஸ் பாடியவர்கள் உட்பட எல்லாவற்றையும் விமர்சனத்தின் கடைசி வரியாகச் சின்ன எழுத்தில் போட்டாலே போதும். இரண்டு இடத்திலும் பெயர்கள் வேறு வேறாக இருந்தால் வெளியிட்டவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பார்வை எண்ணிக்கையை விட்டுவிடலாம். விளம்பரமாக ஓட்டிய வீடியோவின் பார்வையும் அந்த எண்ணில் சேரக்கூடும். அதனால்தான் 2019 செப்டம்பரில் யூடியூபே தன் மியூசிக் சார்ட்டிலிருந்து விளம்பரப் பார்வைகளை நீக்கியது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினாலே ஒரு கணக்கு. இந்த 30 விநாடி விதி பாட்டின் உடம்பையே மாற்றிவிட்டது: முன்னிசை சுருங்கிவிட்டது, பல்லவி பத்துப் பதினைந்தாவது விநாடியிலேயே வந்துவிடுகிறது, இரண்டாம் சரணம் காணாமல் போய்விட்டது. பாட்டு முடிகிறதா, அல்லது ரீல்ஸில் மறுபடி சுழல்வதற்காக அறுந்து நிற்கிறதா என்று ஒரு வரி எழுதுங்கள். 2024 முதல் 12 மாதத்தில் 1,000 தடவை ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவுக்கான ராயல்டி தருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கடலூரிலோ வில்லியனூரிலோ வீட்டு அறையில் பதிவு செய்து பாட்டு வெளியிடும் பெண்ணுக்கு தங்கள் பத்து வரி பெரிய விஷயம்.

அப்படி வீட்டில் பதிவானதை எடைபோடும்போது குரலையும் அறையையும் பிரித்துக் கேளுங்கள். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், பத்துக்குப் பத்து அறை. மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் பாடியிருப்பார். அந்த அறையின் எதிரொலி குரலில் ஒரு டப்பாச் சத்தமாக ஒட்டிக்கொள்ளும். பின்னால் இரண்டு போர்வையைத் தொங்கவிட்டு, மைக்கை 15, 20 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, பாப் ஃபில்டர் ('ப' ஒலியின் காற்றடியைத் தடுக்கும் வலை) போட்டுப் பாடினால் பாதி சரியாகும். 'குரலில் முதிர்ச்சி இல்லை' என்று எழுதுவதைவிட 'அறை கேட்கிறது' என்று எழுதினால் அடுத்த பாட்டுக்கு அவருக்குப் பயன்படும்.

தங்கள் பத்தியின் அளவுக்குள்ளேயே இப்படி எழுத முடியும் என்பதற்கு, இல்லாத ஒரு பாட்டுக்கு மாதிரி: "சுருதி 5½ கட்டை. மந்தர (கீழ் ஸ்தாயி) நிஷாதத்திலிருந்து மேல் காந்தாரம் வரை. வேகம் நிமிடத்துக்கு 92 அடி. நீளம் 2 நிமிடம் 48 விநாடி. பல்லவி இரண்டாம் முறை வரும்போது குரலை நான்கு தடம் அடுக்கியிருக்கிறார்கள். தனிக்குரலின் குழைவு அதில் கரைந்துவிட்டது. 1:31இல் கார்வையை ஓங்கிப் பிடிக்காமல் மெல்ல இறக்கும் இடத்துக்காகவே மறுபடி கேட்கலாம். 'மலை' மாலையாகிவிட்டது மெட்டின் குற்றம்."

கட்டையும் வேகமும் எதற்கு என்று கேட்கலாம். நம் ஊரில் மாசிமகத்துக்கும் கல்யாண ரிசப்ஷனுக்கும் பாடும் மெல்லிசைக் குழுப் பெண்கள் ஒவ்வொரு வாரமும் புதுப்பாட்டுத் தேடுகிறார்கள். பாடகியின் சுருதி தெரிந்தால் தங்களுக்கு ஒத்துவருமா என்று உடனே சொல்லிவிடுவார்கள். கரோக்கி டிராக்கை இரண்டு, மூன்று அரைச்சுரத்துக்கு மேல் ஏற்றி இறக்கினால் டிரம்ஸும் கிட்டாரும் பிளாஸ்டிக் மாதிரி ஒலிக்கும். ஆகவே இது வீண் புள்ளிவிவரம் இல்லை.

இன்னொரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை வெளியாகும் பாட்டுக்கு சனிக்கிழமை எழுதி ஞாயிறு அச்சேற்றுவதை நிறுத்தி, ஒரு வாரம் விட்டு எழுதுங்கள். முதல் நாள் காதில் ஒட்டிய ஹூக், ஐந்தாம் நாள் தாங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

ஜூன் 21 இசைத் திருவிழாவுக்குப் புதுச்சேரி வீதிகளில் பெண்கள் பாடும்போது தங்கள் நிருபர் வருவார். அவரை ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே கலவை சரியாகக் கேட்காது. மிக்ஸர் வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றால், சவுண்ட் பார்ப்பவர் கேட்கும் அதே கலவை அவருக்கும் கேட்கும். அங்கேயும் குரல் புரியாவிட்டால், பாடகியைப் பற்றி எழுதுவதற்கு முன் சவுண்ட் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இப்படிக்கு,
மெல்லிசைப் பாடகியரும் ஒலிப்பதிவாளர்களும் சிலர்,
புதுச்சேரி.